உத்திராபதி மேஸ்திரி வாங்கிய எஸ்டிமேட்

முதலியார்பேட்டையில் உத்திராபதி மேஸ்திரியிடம் வேலை கொடுக்கிறவர்கள், அவர் சொல்கிற தொகையோடு அதில் பாதியையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் பூமி பூசை போடுவார்கள். வேலையில் மனிதர் சுத்தம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் ஒரு நூல் கூட விலகியிருக்காது. ஆனால் அவர் எழுதித் தருகிற எஸ்டிமேட் ஒன்று, வேலை முடிந்ததும் வாங்குகிற தொகை வேறு.

"எஸ்டிமேட்டுன்னா இன்னா சார்? உத்தேசம். மண்ணத் தோண்டினாத்தான தெரியும்" என்பார்.

பில்லின் கடைசி வரியில் 'இதர செலவு' என்று ஒன்று நிற்கும். அது என்னவென்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்கிற குரல் அடுத்த தெருவரை போகும்.

இந்த வருடம் தை மாதத்தில், லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு வேலையின்போது, சேற்றில் இறங்கிய கலவை மிஷினைத் தள்ளப்போய் அவருக்கு அடிவயிற்றில் ஒரு புடைப்பு வந்தது. குடலிறக்கம் என்றார்கள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு மாசிக் கடைசியில் தேதி கொடுத்தார்கள். லாஸ்பேட்டை வீட்டுக்கு அதற்குள் தளம் போட்டாக வேண்டும். அதனால் கடலூர் சாலையில் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தார்.

அவர் மனைவி சாந்திக்கு அதில் விருப்பமில்லை. "டாக்டர் யாரு, எப்டின்னு விசாரிச்சீங்களா?"

"பில்டிங்கப் பாத்தேன்" என்றார் உத்திராபதி. "டைல்ஸ்லாம் தட்டிப் பாத்தேன். ஒண்ணு கூட பொள்ளல் சத்தம் குடுக்கல. இவ்ளோ சுத்தமா வேல வாங்கினவன் வைத்தியத்துல மட்டும் கோட்டை விட்ருவானா?"

கவுன்ட்டரில் மேனகா என்ற பெண் இருந்தாள். குடலிறக்க ஆபரேஷன், இரண்டு ராத்திரி பொது வார்டு, எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்தாயிரம் என்றாள்.

"எல்லாம்னா எல்லாமா?" என்று சாந்தி கேட்டாள்.

"எல்லாந்தாம்மா."

"எழுதிக் குடு கண்ணு. 'எல்லாம் சேர்த்து'ன்னு எழுது. கீழ ஒரு கையெழுத்தும் போட்ரு."

மேனகா வியப்போடு எழுதிக் கொடுத்தாள். முப்பது வருடம் உத்திராபதியோடு குடும்பம் நடத்தியவள் வேறு எப்படி இருப்பாள்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொது வார்டில் கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு படுக்க உத்திராபதியால் முடியவில்லை. "காரை எப்ப உதிருமோன்னு இருக்குது" என்று அவரே கேட்டுத் தனி அறைக்கு மாறினார். அப்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: "பத்து நாளைக்கு இருமக் கூடாது, பலமா சிரிக்கக் கூடாது, கத்தவே கூடாது. தையல் விட்டா மறுபடியும் மேசைல ஏறணும்."

மூன்றாம் நாள் காலை பில் வந்தது. தொண்ணூற்றோராயிரத்து அறுநூற்று நாற்பது.

உத்திராபதி வாயைத் திறந்தார். சாந்தி அவர் வயிற்றைக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சில் வாங்கி வரச்சொல்லி, வரி வரியாகப் படித்தார்.

வயிற்றுக்குள் வைத்துத் தைத்த வலைக்குத் தனியாகப் பதினாலாயிரத்து ஐந்நூறு. கையுறை அறுபத்து நாலு சோடி. இரண்டு ராத்திரி தங்கியதற்கு மூன்று நாள் வாடகை. உணவு ஆலோசகர் வருகை நாலு தடவை, தடவைக்கு அறுநூறு.

"யாரது உணவு ஆலோசகர்?"

"நேத்து ஒரு பொண்ணு கதவாண்ட நின்னு, ஊறுகா சாப்புடாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சே, அதான்."

"ஒரு தடவதான வந்துச்சு?"

"ஒரு தடவதான்."

கடைசி வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. 'இதர செலவு – 7,200.'

தன் முகத்தைப் போன்ற ஒருவனை பஸ்ஸில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

இருவரும் மெல்ல நடந்து கவுன்ட்டருக்குப் போனார்கள். உத்திராபதி தாளை நீட்டி, யாருக்கும் நோகாத குரலில், "இன்னாம்மா இது?" என்றார்.

அவருக்கு அதற்கு மேல் குரல் எடுக்க முடியவில்லை. மேனகாவுக்கு அது தெரியாது. தினமும் நாலு பேர் கவுன்ட்டரைத் தட்டிக் கத்துவார்கள், அது அவளுக்குப் பழக்கம். கத்தாமல் கேட்கிற இந்தப் பெரிய மீசைக்காரரைப் பார்த்ததும் அவள் பயந்து எழுந்து நின்றாள்.

"சார், எஸ்டிமேட்டுன்னா ஒரு உத்தேசந்தான சார்" என்றாள்.

சாந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உத்திராபதிக்கும் வந்தது. அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வலியில் துடிக்கிறார் என்று பயந்த மேனகா, ஓடிப்போய் பில்லிங் மேனேஜரைக் கூட்டி வந்தாள்.

மேனேஜர் விஜயராகவன் ரெட்டியார்பாளையத்துக்காரர். வந்தவர் நோயாளியைப் பார்த்ததும் நின்றார்.

"வாங்க மேஸ்திரி. என்னை ஞாபகம் இருக்கா? எங்க வீட்டு மாடி ரூம்பு. நாலு லட்சம் எஸ்டிமேட். முடிக்கும்போது ஆறு லட்சத்துப் பத்தாயிரம்."

உத்திராபதிக்கு ஞாபகம் இருந்தது. தன் அறைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் வாடகை போடுவார்கள் என்பதால் நின்றார்.

மேனேஜர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். விஜயராகவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அன்னிக்கு நான் ஏன் கூடிச்சின்னு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க மேஸ்திரி?"

உத்திராபதி மேசையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "மண்ணத் தோண்டினாத்தான் தெரியும்னேன்."

"அதேதான் இங்கயும். வயித்தத் தொறந்தாத்தான் தெரியும்."

முப்பது வருடமாக இந்த வாதத்துக்கு யாரும் பதில் சொல்லி உத்திராபதி கேட்டதில்லை. சாந்திதான் மேனகா எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், தொறந்தாங்களே, உள்ள புதுசா இன்னா இருந்துச்சு?"

"என்னம்மா?"

"எஸ்டிமேட்டு போடும்போது தெரியாதது எதுனா உள்ள இருந்துச்சான்னு கேக்கறேன். இருந்தா குடுத்துடறோம்."

விஜயராகவன் கோப்பைப் புரட்டினார். எதிர்பாராத சிக்கல் எதுவும் இல்லை என்று டாக்டரே எழுதியிருந்தார்.

"வலை இல்லாம இந்த ஆபரேஷன் செய்வாங்களா?"

"இப்பல்லாம் வலை வெச்சுத்தாம்மா செய்றாங்க."

"அப்ப அது உள்ள வெச்சதுதான், புதுசா கெடச்சது இல்ல. கதவு போட்டுத் தர்றேன்னுட்டு கீலு தனின்னு சொல்ற மாரி இருக்குது." சொல்லிவிட்டு அவள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். உத்திராபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போன வருடம் நெல்லித்தோப்பில் ஒரு வீட்டில் கீலுக்குத் தனியாகத்தான் வாங்கியிருந்தார்.

இப்போது அவருக்கும் தெம்பு வந்தது. பென்சிலை எடுத்தார். "கிளவுஸு அறுபத்து நாலு சோடி சார். ரெண்டு நாள்ல என்னை அத்தினி பேரு தொடல. எங்க சித்தாளுங்களுக்கு வருசம் பூரா வாங்கினாக்கூட அத்தினி வராது." எல்லாம் கிசுகிசுப்பாக. சரியாகக் காதில் விழாததால் நாற்காலியில் சாய்ந்திருந்த விஜயராகவன் முன்னால் குனிய வேண்டியதாயிற்று.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார்கள். தனி அறை கேட்டது தான்தான் என்று உத்திராபதி மறுக்காமல் மூவாயிரத்து அறுநூறு ஒப்புக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோகிற மருந்துக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது. ஊறுகாய் வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு ஒரு தடவை அறுநூறு கொடுத்தே ஆக வேண்டும் என்றாள் சாந்தி. அந்தப் பெண் வந்தது நிஜம். 'இதர செலவு' என்னவென்று விஜயராகவன் இரண்டு இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதை அவரே அடித்தார்.

எழுதிக் கொடுத்த ஐம்பத்தைந்தாயிரத்தோடு ஒப்புக்கொண்டவை மட்டும் சேர்ந்து அறுபத்தோராயிரத்து அறுபதில் வந்து நின்றது. புதுப் பில்லில் அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

"இது ஆஸ்பத்திரி கணக்கு, முடிஞ்சிது" என்றார் பிறகு. "இப்ப நம்ம கணக்கு. மாடி ரூம்புல 'இதர செலவு' முப்பத்தெட்டாயிரம்னு எழுதியிருந்தீங்க. அது என்ன மேஸ்திரி?"

உத்திராபதி யோசித்தார். லாரி சந்துக்குள் வராமல் மணலைத் தலைச்சுமையாக எடுத்தது ஞாபகம் வந்தது. அது பதினோராயிரம் இருக்கும். மேலும் யோசித்தார். வேறு எதுவும் வரவில்லை.

"சொல்லுங்க, சார் கேக்கறார்ல" என்றாள் சாந்தி.

"மீதி தெரியல சார்" என்றார் உத்திராபதி. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அவளே அன்றுதான் கேட்டாள்.

காசாகத் திருப்பித் தர அவருக்கு மனம் வரவில்லை. சித்திரை வெயிலுக்கு முன்னால் விஜயராகவன் வீட்டு மொட்டை மாடிக்கு வெள்ளை டைல்ஸ் பதித்துத் தருவதாகவும் கூலி வேண்டாம் என்றும் சொன்னார். விஜயராகவன் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். "எழுதிக் குடுங்க." உத்திராபதி எழுதினார். 'சாமான் தனி' என்பதையும் மறக்காமல் எழுதினார். சொன்னபடி பங்குனியில் வேலையும் முடித்தார்.

அதன்பின் எஸ்டிமேட் போடுகிற பொறுப்பைச் சாந்தி எடுத்துக்கொண்டாள். முதல் இரண்டு வேலை கைவிட்டுப் போயிற்று. உள்ளதை உள்ளபடி எழுதினால் தொகை பெரிதாகத் தெரிகிறது, மற்ற மேஸ்திரிகள் குறைத்து எழுதுகிறார்கள் என்று உத்திராபதி புலம்பினார். மூன்றாவதாக, தேங்காய்த்திட்டில் ஒரு வாத்தியாரம்மா மதில் கட்டக் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சம் எஸ்டிமேட், ஒன்றரை லட்சத்துக்கே முடிந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்காமல், டீ கொடுத்து, பணத்தை உறையில் போட்டு நீட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த உத்திராபதி உறையைச் சாந்தியிடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, கொறையுதா?"

"இல்ல, சரியாத்தான் இருக்குது" என்றார். "அந்தம்மா ஒண்ணுமே கேக்கல சாந்தி. சண்ட போடாம காசு வாங்கினா, வேலையே செய்யாத மாரி இருக்குது."