வில்லிலிருந்து வந்த சொல்

எழிலரசி அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இருபத்தாறு வருடம் தையல் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய அடுக்குமாடியில் மகள் ரோஷினியோடு இருக்கிறார்.

குடியிருப்பின் கழிவுநீரை ஏற்றிப்போகும் லாரி, அதை ஏரியிலேயே திறந்துவிடுவதை அவர்தான் முதலில் பார்த்தார். வாட்ஸ்அப் குழுவில் தினமும் எழுதினார். எரிச்சலான குடியிருப்போர் சங்கத் தலைவர் பார்த்தசாரதி, "இந்தம்மா ரொம்ப டாக்ஸிக்" என்று பதில் போட்டார். பலரும் சிரித்து வைத்தார்கள்.

"அப்டீன்னா இன்னாடி?"

ரோஷினி தயங்கினாள். "விஷம்னு அர்த்தம்மா."

அன்று எழிலரசி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மகள் கைப்பேசியில் அகராதியைத் திறந்து மேலும் படித்துச் சொன்னாள். கிரேக்கத்தில் 'டாக்ஸன்' என்றால் வில். அம்பில் தடவும் நஞ்சை 'வில்லுக்கான மருந்து' என்றார்கள். போகப்போக மருந்து என்ற பாதி உதிர்ந்து, வில்லின் பெயரே நஞ்சுக்கு நிலைத்துவிட்டது. லத்தீன் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது.

"அப்போ மொதல்ல அது வில்லா?" எழிலரசி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தொடர்ந்து பதினோரு நாள் காலையில் ஏரிக்கரையில் நின்று, லாரியின் எண் தெரிய வீடியோ எடுத்தார். சங்கக் கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் ஓடவிட்டார்.

"வெசம் ஏரில கீது சார். நான் வில்லு. இன்னா செய்யப் போறீங்க?"

பார்த்தசாரதி அங்கிருந்தே லாரிக்காரருக்குப் போன் போட்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். லாரி ஏரிப்பக்கம் வருவது அன்றே நின்றது. குடியிருப்பில் பழுதாகிக் கிடந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒரே மாதத்தில் ஓடியது. அடுத்த சங்கத் தேர்தலில் எழிலரசி போட்டியின்றிச் செயலாளரானார். அவருடைய முதல் கையெழுத்து, ஏரியைத் தூர்வாரக் கேட்கும் மனுவில் விழுந்தது.