ஏடன் கடலை

என் தங்கை மகள் கடையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தாள். மூடியைப் பிரித்துக்கொண்டே, "பெரியம்மா, இதை வீட்டுல அரைச்சா நல்லாருக்குமா, ரெடிமேடா வாங்குறதே நல்லதா?" என்று கேட்டாள். உள்ளே ஹும்முஸ். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கேரட் துண்டால் ஒரு வழி வழித்து வாயில் போட்டுக்கொண்டு போனில் யாருடனோ பேசப் போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று. அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறந்தால் அவளால் தின்ன முடியாது. அந்த விழுதை என் ஆயுளில் ஒரே ஒரு மழைக்காலத்தில்தான் அரைத்தேன். ஒரு மனிதரை உயிரோடு வைத்துக்கொள்ள அரைத்தேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் என் தாய்மாமன் மகன். சின்ன வயதிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியதால் கல்யாணத்துக்குப் பிறகும் மச்சான்தான். அரபு நாட்டில், ஏடன் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வந்த வேகத்தில் போவார். சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் நானும் அவருடைய அம்மாவான என் மாமியும் மட்டும்தான். மாமனார் எப்போதோ மௌத்தாகிவிட்டார். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்கு ஊரார் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் பிள்ளை தபாலிலா வரும்?

அந்த வருஷம் முறை வருவதற்கு முன்னாலேயே, ஒரு தந்தி மட்டும் அடித்துவிட்டு வந்துவிட்டார். சிதம்பரம் ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றவரைத் தாண்டி நான் இரண்டு தடவை போய்வந்தேன். சட்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஆளைக் காணோம். வயிற்றில் கட்டி. கடலூரில் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "மெட்ராசுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்மா. ஆனா இப்ப இருக்குற உடம்பு தாங்காது. எதையாவது சாப்பிட வைங்க. கொஞ்சம் சதை புடிக்கட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க." எதையாவது என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

எதுவும் இறங்கவில்லை. குழைய வடித்த சோறு, பால் கஞ்சி, ஆட்டுக்கால் சூப்பு, பாதி வெந்த முட்டை, எல்லாவற்றுக்கும் ஒரே முகச்சுளிப்புதான். மாமி தட்டை வைத்துக்கொண்டு கெஞ்சுவார், அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நான் அடுக்களையில் நின்று பல்லைக் கடிப்பேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் சீக்கிரம் வரும். வாயில் போட்டு விழுங்கினால் பிழைத்துப்போகிற விஷயம், அதைச் செய்ய மாட்டேன் என்கிறாரே என்று அவர் மேலேயே கோபப்பட்டேன்.

ஒருநாள் காலை அவராகவே பேசினார். "கடைக்குப் பக்கத்துல ஒரு லெபனான்காரன் சாப்பாட்டுக்கடை வச்சிருந்தான். கடலைய அரைச்சு வெண்ணெ மாதிரி தட்டுல தேய்ச்சுக் குடுப்பான். ஹும்முஸ்னு பேரு. அங்க கடைசியா எனக்கு எறங்குனது அதுதான். அது கெடைச்சா திம்பேன்."

நானும் மாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடலைதானே! ஊர் பூராவும் கிடைக்கிற கடலை!

"அதுல என்னென்ன போடுவான் மச்சான்?"

"கடலை, பூண்டு, எலுமிச்சம்பழம். அப்புறம் வெள்ளையா ஏதோ ஒண்ணு ஊத்துவான்."

"வெள்ளையா என்னது?"

"நான் என்ன அடுப்படியிலயா நின்னேன்? தின்னுட்டுக் கைகழுவிட்டு வந்துடுவேன்."

வெள்ளையாக ஊற்றுவது என்றால் நம் ஊரில் என்ன? தேங்காய்ப்பால்தான். நம் ஊர்க் கருப்புக் கொண்டைக்கடலையை வேகவைத்து அம்மியில் வழுவழுவென்று அரைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கிண்ணத்தில் எடுத்தேன். எடுத்தவள் சும்மா இருந்தேனா? கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை. தாளிக்காமல் ஒரு கிண்ணத்தை வெளியே அனுப்ப எங்கள் கைக்குத் தெரியாது. அவர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தொவையல் நல்லாருக்கு. ஹும்முஸ் எங்க?"

அவருடைய பழைய கிண்டல் அது. அன்றைக்கு எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது.

நாட்டுக் கடலைதான் தப்பு என்று வெள்ளைக் கொண்டைக்கடலை தேடி வாங்கினேன். தேங்காய்ப்பாலை விட்டு, காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த முந்திரிப்பருப்பை அரைத்து ஊற்றினேன். பாயசம் மாதிரி இருக்கிறது என்றார். கடலையின் தோலை ஒவ்வொன்றாக உரித்து அரைத்தேன். நகக்கண் வெந்து எரிந்தது. அதற்கும் தலையை ஆட்டினார். இதற்குள் ரமலான் நோன்பு பிறந்துவிட்டது.

கடலூர் முதுநகரில் என் அண்ணன் இருந்தார். அங்கே கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். அந்தப் படகுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அண்ணனுக்கு. அவர்தான் அரபு நாட்டுப் பக்கம் போய்வந்த ஒருத்தரை விசாரித்துக்கொண்டு வந்து, "எள்ளும்மா அது. தோலெடுத்துட்டு வெள்ளையா அரைச்சு ஊத்துறாங்களாம்" என்றார்.

எள்! நான் கனவிலும் நினைக்காதது. ஊறவைத்து, கசக்கித் தோலைக் கழுவினேன். வெளியே மழை விடவில்லை, வெயில் கிடையாது. அடுப்புப் பக்கத்தில் துணி விரித்துக் காயவைத்து, லேசாகச் சூடு காட்டி, ஆட்டுக்கல்லில் போட்டு அது எண்ணெய் கக்கிக் குழம்பாகும்வரை ஆட்டினேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வேதக்கார அக்கா இருந்தார், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். எங்களுக்கு நோன்பு நேரத்தில் உப்பு பார்த்துச் சொல்வது அவர்தான். நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று சிலர் சொல்வதுண்டு. என் மாமியிடம் அந்தப் பேச்சே நடக்காது. அதனால் கிண்ணத்தைச் சுவருக்கு மேலே நீட்டுவேன், அக்கா வழித்து நக்கிப் பார்ப்பார்.

"உப்பு சரியாருக்கு. புளிப்பும் இருக்கு."

"ஏடன்ல இருக்குற மாதிரி இருக்கா அக்கா?"

"நான் எந்த ஜென்மத்துல ஏடனுக்குப் போனேன்? என்னையப் போயி கேக்குற."

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. அந்த ருசி தெரிந்த நாக்கு எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று. அது அவருடைய நாக்கு. அந்த நாக்குக்குத் தண்ணீரே கசக்கிறது. வேறு யாரைக் கேட்பேன்? நான் அரைப்பது சரியா தப்பா என்று சொல்ல எனக்கு ஆளே கிடையாது. எள் சேர்த்ததையும் அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். "கிட்டயே வரல" என்றார். மறுநாளும் அரைத்தேன். பூண்டைக் குறைத்தேன், கூட்டினேன். எள்ளைக் குறைத்தேன், கூட்டினேன். வெறும் வயிற்றோடு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றும்போது கண் இருட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அல்லாஹ்விடம் சண்டைதான். இந்த மனிதரை எனக்கு முழுசாகக் கொடுக்கவே இல்லையே, அதற்குள் திருப்பிக் கேட்கிறாயே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவருடைய மணிக்கட்டு என் மணிக்கட்டைவிட மெலிந்துபோயிருந்தது. கையைப் பிடித்துப் பார்க்கவே பயப்பட்டேன்.

அந்தச் சமயத்தில் அண்ணன் ஆளனுப்பினார். ஏடன் வழியாக வந்த ஒரு கப்பல் கடலூருக்கு எதிரே நிற்கிறது. அதில் ஒரு கப்பல்காரனிடம் அந்தக் கடலை டப்பாவில் அடைத்தே இருக்கிறது. வாங்கி வைத்திருக்கிறேன், வேலையை விட்டு வர முடியாது, யாராவது வந்து வாங்கிப்போங்கள் என்று.

யாராவது என்றால் யார்? மாமியால் அவ்வளவு தூரம் போய்வர முடியாது. அந்த நாளில் எங்கள் தெருப் பெண்கள் தனியாக பஸ் ஏறுவது கிடையாது. நான் துப்பட்டியை எடுத்து மேலே போட்டுக்கொண்டு மாமி முன்னால் போய் நின்றேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போயிட்டு வா. எவ என்ன கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

கடலூரில் அண்ணன் துண்டில் சுற்றிய டப்பாவைக் கையில் கொடுத்தார். அவரோடு நின்று பேசக்கூட இல்லை, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். உட்கார்ந்ததும் துண்டைப் பிரித்தேன். டப்பாவைச் சுற்றி அரபு எழுத்து. சின்ன வயதில் ஓதக் கற்றவள் நான். எழுத்துக் கூட்டி ஓதுவேன், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஹா, மீம், ஸாத். கூட்டிப் பார்த்தேன். ஹும்முஸ். அத்தனை வருஷம் ஓதியதில் அர்த்தம் தெரிந்து நான் வாசித்த முதல் அரபு வார்த்தை அதுதான். அரபு எழுத்து இருக்கிற எதையும் கீழே வைக்க மாட்டோம், காலில் பட்டால் எடுத்து உதட்டில் வைத்து முத்துவோம். நானும் டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் அதை ஏதோ தீர்த்தம் என்று நினைத்திருப்பார், பயபக்தியாகப் பார்த்தார். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன்.

அந்த பஸ்ஸில் நான் கேட்ட துஆவை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யா அல்லாஹ், இத்தனை நாளும் நான் அரைத்ததெல்லாம் தப்பாகவே இருக்கட்டும். என் கைக்குப் பக்குவம் இல்லை என்றே ஆகட்டும். ஊரார் கைகொட்டிச் சிரிக்கட்டும். தப்பு என் கையில் இருந்தால் அவர் பிழைப்பார். இந்த டப்பாவில் இருப்பது வேறு ருசியாக இருக்க வேண்டும், அதை அவர் ஒரு வாய் விழுங்க வேண்டும். சிதம்பரம் வரும்வரை இதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

நான் வீட்டுக்குள் நுழையவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தேன். டப்பாவைத் திறக்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. கொல்லையில் வைத்து மீன் அரிகிற கத்தியை நிறுத்திக் கல்லால் தட்டினேன். "எழுத்து மேல படாம பாத்துடி" என்று மாமி பக்கத்திலேயே நின்றார். மூடி பல்லுப் பல்லாகக் கிழிந்து திறந்தது. உள்ளே மேலாக எண்ணெய் மிதக்க, வெளிர் மஞ்சளாக விழுது. கிண்ணத்தில் மாற்றக்கூடப் பொறுமை இல்லை. டப்பாவோடு அவரிடம் கொண்டுபோனேன். மாமி அவரைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தேன்.

அவர் கண்ணை மூடினார். தொண்டை அசைகிறதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுருங்கியது, நேற்றுச் சுருங்கிய அதே மாதிரி. பக்கத்திலிருந்த துணியை எடுத்து அதில் துப்பிவிட்டு டப்பாவைப் பார்த்தார்.

"எங்கடி புடிச்ச இந்த டப்பாவ? நீ அரைச்சத இதுல அடைச்சு எடுத்தாந்தா எனக்குத் தெரியாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்தார். திருடியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில். ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"டேய், நெசமாவே இது கப்பல்..." என்று மாமி ஆரம்பித்தார். நான் மாமியின் கையைப் பிடித்து அழுத்தினேன். அதே ஸ்பூனால் டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து என் வாயில் போட்டேன். நோன்பு திறந்தபிறகு கிண்ணத்தில் மிஞ்சியதை நான் வழித்துத் தின்பேனே, அதே ருசி. என்னுடையதில் பூண்டு ஒரு துளி தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். என் கை சரியாகத்தான் அரைத்திருக்கிறது. இத்தனை நாளும் சரியாகத்தான் அரைத்திருக்கிறது. தப்பு என் கையில் இல்லை.

"ஆமா மச்சான்," என்றேன். "நான் அரைச்சதுதான். உங்கள ஏமாத்த முடியுமா?"

"எலுமிச்சம்பழம் ஜாஸ்தி," என்றார். மாமியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "நாளைக்குக் கொஞ்சம் கம்மியா ஊத்திப் பாரு. கிட்ட வந்துட்ட."

"சரி மச்சான்," என்றேன்.