ரேஷன் கடைக்கு ஏலக்காயில் மார்க்

போடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மக்களின் குரலைச் சேகரிக்கும் வேலை எனக்கு. கடல் கடந்து ஏதோ ஒரு நாடு அதற்கு நிதி தந்தது. அரசு சேவைகளுக்கு மக்களே மார்க் போட வேண்டும், அதிகாரி எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்பது திட்டம். குரலை வெளியே கொண்டுவர எனக்கு ஒரு கையேடும் மூன்று படிவங்களும் ஒரு நீலத் தொப்பியும் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் குரல் வரவில்லை என்று அவர்களிடம் யார் சொன்னார்களோ தெரியாது. போடி பஸ் ஸ்டாண்டில் சீட்டுப் பிடிக்கிற நேரத்தில் ஒருதரம் வந்து நின்றிருந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒரு சின்ன ஊரில் அன்று, மலைக்குக் கீழே இருக்கும் ரேஷன் கடைக்கு மார்க் போடும் கூட்டம். நிதி கொடுத்த நாட்டிலிருந்து ஒரு அம்மையார் பார்வையிட வந்திருந்தார். தாலுகா வழங்கல் அலுவலர் ஜீப்பில் வந்தார். கடை விற்பனையாளர் கைரேகை மிஷினும் பதிவேடுமாக ஓரமாக நின்றார்.

கூட்டத்துக்கு முன்பே ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். காய் எடுக்கப் போகிறவர், ஐம்பது வயதிருக்கும்.

"பாப்பா, ரெண்டு மாசமா மிசினு என் வெரலை ஏத்துக்க மாட்டேங்குது. அரிசி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாக. வீட்டுல நாலு வயிறு இருக்கு. இன்னைக்காச்சும் கெடைச்சுருமா?"

"அதச் சொல்லத்தானக்கா கூட்டமே" என்றேன், தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உள்ளூரில் கிடைக்கும் விதைகளைப் பாத்திரத்தில் போட்டு மார்க் தரலாம் என்று கையேடு சொன்னது. இந்த மலையில் ஏலக்காயைவிட உள்ளூர்ச் சரக்கு ஏது என்று எனக்குள் ஒரு மேதை விழித்துக்கொண்டாள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் காய் கேட்டேன். வெளிநாட்டு விருந்தாளி பார்க்கப்போகிறாரே என்று அவரும் பெரும்பாலும் பருத்த பச்சைக் காயாகவே அள்ளித் தந்தார். மூன்று வாளிகளை வைத்து நல்லது, சுமார், மோசம் என்று முகம் வரைந்து ஒட்டினேன். ஆளுக்கு ஒரு பிடி காய் கொடுத்து, மனசுக்குப் பட்டபடி போடுங்கள் என்றேன்.

அந்தப் பெண்களெல்லாம் வருஷக்கணக்காகக் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவர்கள். உள்ளங்கையில் காய் விழுந்ததுமே கண்ணும் விரலும் தம் போக்கில் வேலையை ஆரம்பித்துவிட்டன. பத்தே நிமிடத்தில் நல்லது வாளி நிரம்பிவிட்டது. சுமாரில் கொஞ்சம், மோசத்தில் ஏழெட்டுக் காய். அலுவலரின் முகம் மலர்ந்தது. அம்மையார் படம் எடுத்தார்.

நான் குனிந்து எண்ணப் போனேன். மோசம் வாளியில் கிடந்தவை அத்தனையும் வெடித்த காய். சுமாரில் வெளுத்த காய். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் படிவத்தில் நிரப்ப அழகான எண்கள் கிடைத்துவிட்டன, நான் பேசாமல் இருந்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"மக்கள் திருப்தியா இருக்காங்க, ரொம்ப சந்தோஷம்" என்று அலுவலர் எழுந்தார்.

அந்த அக்காவும் எழுந்தார்.

"சார், அது காய்க்குப் போட்ட மார்க்கு. நல்ல காயை நல்ல வாளியில போட்டுருக்கோம். கடையைப் பத்தி இன்னும் யாரும் வாயே தொறக்கலை."

கூட்டம் சிரித்தது. அலுவலர் என்னைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

அக்கா நேராகப் போய் மிஷினில் விரலை வைத்தார். ஏற்கவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தார். பத்துக்கும் அதே பதில்.

"காய் எடுத்து எடுத்து ரேகை தேஞ்சு போச்சு சார். வேற வெரலுக்கு நான் எங்க போவேன்?"

என்ன சொல்கிறார் என்று அம்மையார் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, இதற்குப் பொறுப்பு யார் என்று அலுவலரிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"ரேகை விழலைன்னா பதிவேட்டுல எழுதிக் குடுக்கலாம். விதி இருக்கு" என்று அவர் விற்பனையாளர் பக்கம் திரும்பினார்.

"போன மாசமும் இருந்துச்சா சார், அந்த விதி?" என்றார் அக்கா.

அந்தக் கேள்வியை எழுத என் மூன்று படிவங்களிலும் இடமில்லை, படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

விற்பனையாளர் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். எழுதத் தெரியாது என்றதும் மைப்பெட்டியைத் திறந்தார். அக்கா பெருவிரலை அழுத்தி எடுத்தார். ஒரு கோடுகூட இல்லாத நீல வட்டம் விழுந்தது. அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கீழ கடைக்கு வந்து வாங்கிக்கங்கம்மா" என்றார்.

"எப்ப சார்?"

"எப்ப வேணாலும் வரலாம்."

அக்கா மூலையில் மடித்து வைத்திருந்த சாக்குப் பையை எடுத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. அலுவலருக்கு முன்னால் போய், ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"வெரசா வாங்க சார்" என்றார்.