ஓட்டைக் காலணாவின் விலை

சென்ற ஐப்பசியில், மழை விட்டு வெயில் வந்த ஒரு மாலை. காவிரியிலிருந்து வந்த ஈரக்காற்றில் எங்கள் ஸ்ரீரங்கத்துத் தெரு பாதித் தூக்கத்தில் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய நாணயங்களைப் பார்த்து விலை சொல்வது என் பொழுதுபோக்கு. இந்தக் காலத்தில் அது, வருகிறவர்களின் லட்ச ரூபாய்க் கனவைக் கலைத்து அனுப்புகிற வேலை.

மேல் வீட்டு அம்மாள் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சாயங்காலம் என் தம்பி வருவான் சார். எங்க அம்மா வச்சிருந்த ஓட்டைக் காலணா லட்சக்கணக்குல போகும்னு போன்ல ஏதோ பாத்துட்டு, வித்தே ஆகணும்ங்கறான். எங்க வீட்டுல பொறந்த எல்லாக் குழந்தைக்கும் அரைஞாண்ல கோத்துக் கட்டினது அது. என் பொண்ணு நிறைமாசமா இருக்கா. ஒண்ணும் பெறாதுன்னு சொல்லிடுங்க, போதும்."

பார்க்காமல் விலை சொல்லும் வழக்கம் எனக்கில்லை என்றேன். அபூர்வமானதாக இருந்தால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். விதிமுறை பேசுவதில் எனக்கு எப்போதும் ஒரு சுகம் உண்டு. அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகு, அன்று முழுவதும் அந்தச் சுகம் இல்லை.

தம்பி மன்னார்புரத்திலிருந்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கூரை போடாமல் பாதியில் நிற்கும் தன் வீட்டு மாடியைப் பற்றித்தான் முதலில் பேசினார். அவர் பேச்சில் டைல்ஸின் நிறம் வரை முடிவாகியிருந்தது. கூடவே வந்திருந்த அக்கா மஞ்சள் துணியை அவிழ்த்துக் காலணாவை மேஜையில் வைத்தார்.

நடுவில் பெரிய துளை கொண்ட செம்பு வளையம். ஒவ்வொரு குழந்தைக்குக் கட்டும்போதும் புளி போட்டுத் தேய்த்ததில் கிரீடமும் எழுத்தும் மங்கி, வருடம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. எடை பார்த்தேன்; சரியாக இருந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலருகே போனேன். சாய்ந்து விழும் வெயிலில் பிடித்தால், தேய்ந்த எழுத்தும் சில சமயம் எழுந்து வரும்.

காலணாவைத் திருப்பத் திருப்ப, துளைக்குள் புகுந்த வெயில் எதிர்ச்சுவரில் ஒரு வட்டமாக மிதந்தது. கோயில் பக்கமிருந்து நாகஸ்வரம் வந்து வந்து போனது. வருடம் எழுந்து வரவேயில்லை. துளையின் ஓரத்தில், கயிறு இழுத்து இழுத்து உண்டான ஒரு சிறு பள்ளம் மட்டும் தெரிந்தது.

"அசல்தாங்க," என்றேன். "யுத்த காலத்துல செம்பை மிச்சம் பிடிக்க ஓட்டை போட்டு அடிச்சது. அஞ்சே வருஷம்தான் அடிச்சாங்க, ஆனா மூட்டை மூட்டையா. எந்த வருஷமா இருந்தாலும், இவ்வளவு தேஞ்சதுக்கு ஒரு காபிக் காசு கிடைச்சா அதிர்ஷ்டம்."

அக்கா மூச்சு விட்டது கேட்டது. அவர் சொல்லச் சொன்னதே உண்மையாகவும் அமைந்துவிட்டதில் அவரைவிட எனக்குத்தான் நிம்மதி.

"லட்சம் தரேன்னு போன்ல சொன்னானே சார்?"

"உங்ககிட்ட முதல்ல ஒரு பதிவுக் கட்டணம் கேப்பான் பாருங்க. அவனுக்கு அதுதான் லட்சம்."

தம்பி வெகுநேரம் காலணாவைக் கையிலேயே வைத்திருந்தார். அவர் விரல் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "ஏன்க்கா, இது என் இடுப்புலயும் கெடந்துச்சா?"

"உன் இடுப்புலதான் ரொம்ப நாள். ஸ்கூல்ல சேக்கற வரைக்கும் அவுக்க விட்டியா நீ? கத்தித் தெருவையே கூட்டிடுவே. அந்தப் பள்ளத்துல பாதி உன்னோடதுதான்."

தம்பி எழுந்து ஜன்னலருகே போனார். காலணாவை வெயிலில் நீட்டி, வெளிச்ச வட்டத்தைச் சுவரில் தானே கொஞ்ச நேரம் நகர்த்திக்கொண்டிருந்தார். டைல்ஸ், கூரை எல்லாம் ஒவ்வொன்றாக அவரைவிட்டுப் போவது போலிருந்தது. பிறகு அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"என் மருமக உண்டானா எனக்குக் குடுத்து அனுப்பணும், சொல்லிட்டேன்."

"அனுப்பாம? மொதல்ல நீ கூரையைப் போடு. புள்ள மழையில நனைஞ்சிடப் போவுது."

தேய்மானத்துக்கு விலையில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. ஆனாலும் அந்த மாலைக்குப் பிறகு, தேய்ந்த நாணயம் ஒன்று கைக்கு வந்தால், அது யார் யாருடைய உடம்புச் சூட்டில் கிடந்ததோ என்று நினைத்தபடி, விலை சொல்வதற்கு முன் சற்று நேரம் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன்.