ஊரே சொன்ன ‘செரிங்க’

என் வீட்டுக்காரரை யாராவது அவசரக்காரர் என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தொழிலில் நொடித்துப் போனவனைப் பற்றி ஊர் இரண்டு விதமாகத்தான் பேசும். யாரையும் கேட்காமல் ஆடினான் என்பார்கள், இல்லை குடித்துக் கெட்டான் என்பார்கள். இவர் குடித்ததே இல்லை. நாலு பேரைக் கேட்காமல் வண்டிக்கு ஒரு ஸ்பேனர்கூட வாங்கியதில்லை. கேட்டுக் கேட்டே கெட்டார் மனுஷன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் தண்ணீருக்கு போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. எங்களுக்கும் ஒன்று இருந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே ஓடும், மழைக்காலத்தில் ஊருக்கு வந்து நிற்கும். அதில் வந்ததை வைத்து மகளைப் படிக்க வைத்துக் கட்டியும் கொடுத்தோம். மாமனார் விட்டுப்போன காடு ஒன்று கிணற்றோடு வீட்டை ஒட்டி இருந்தது. சோளமும் கடலையும் போடுவேன், எருமைக்குத் தீவனம் அறுப்பேன். வண்டி அவருடையது என்றால் காடு என்னுடையது. பத்திரம் அவர் பேரில்தான், ஆனால் அங்கே பாடுபட்டவள் நான்.

இன்னொரு வண்டி எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. பெரிய வண்டி, புது கம்ப்ரஸர். காட்டை பேங்கில் அடமானம் வைத்தால்தான் நடக்கும். ஆசைப்பட்டதை நான் தப்பென்று சொல்லவில்லை. அதை முடிவு செய்த விதம்தான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்டார். பங்காளிகளைக் கேட்டார், வண்டி மேனேஜரைக் கேட்டார், வேலை பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்டைக்கூடக் கேட்டார். என் தம்பியை வீட்டுக்கே வரச்சொல்லி உட்கார வைத்தார். நான் காப்பியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏன் மாப்ள, வடக்கே சுத்தமா மழையில்லையாமா. ஒரு வண்டி ஓடற எடத்துல ரெண்டு ஓடுனா ரெட்டிப்பு வேலைதானே? எடுத்தரலாம்ல?”

“செரிங்க மச்சான்” என்றான் தம்பி.

இதைக் கேள்வி என்றா சொல்வது? பதிலையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிற கேள்வி இது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மூத்தவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வாய் வராது. ‘செரிங்க’ என்பார்கள். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். வெளியூர்க்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் மன்னித்துவிடலாம். இந்த மண்ணிலேயே பிறந்து, தானும் நாளெல்லாம் அதையே சொல்லித் திரிகிறவர், தன் தொழில் என்று வந்ததும் அத்தனை ‘செரிங்க’வையும் சம்மதமென்று சேர்த்து வைத்துக்கொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தம்பி என்னிடம் முணுமுணுத்தான்.

“இது ஆவாதுக்கா. ஏற்கெனவே அங்க வண்டி மேல வண்டி நிக்குது. வேலைக்கு ஆளும் கெடைக்கறதில்ல.”

“அடப் பாவி! இத உள்ளாறயே சொல்றதுக்கு என்னடா?”

“மச்சான் மூஞ்சிக்கு நேரா எப்புடிக்கா சொல்றது? மரியாதையாவா இருக்கும்?”

நல்ல மரியாதை! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நாலு அறை விட்டிருப்பேன். நேரே உள்ளே போய் இவரிடம் சொன்னேன்.

“வேண்டாமுங்க. காட்ட வெக்காதீங்க. இருக்கற வண்டி போதுமுங்க. தம்பியும் வெளிய போயி ஆவாதுன்னுதான் சொல்றான்.”

கோபப்படுவார் என்று பார்த்தேன். சிரித்தார். “அப்புடின்னா எங்கிட்டயே சொல்லியிருப்பானே. அத்தன பேரும் செரிங்கறாங்க, நீ ஒருத்திதான் வேண்டாங்கற” என்றார்.

வண்டி வந்தது. பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வடக்கே அனுப்பினோம். தம்பி வாசலில் சொன்னது அப்படியே நடந்தது. போட்டி போட்டுக்கொண்டு வண்டிக்காரர்கள் ரேட்டைக் குறைத்தார்கள். ஆட்கள் பாதியில் கிளம்பி ஊர் வந்துவிட்டார்கள். அந்த வருஷம் பார்த்து அங்கே மழையும் கொட்டித் தீர்த்தது. புது வண்டி ஏதோ ஒரு ஊரில் பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றுவிட்டது.

அப்போதே அதை விற்றிருந்தால் காடு தப்பியிருக்கும். இவர் மறுபடியும் கேட்கக் கிளம்பினார். காலையில் மேனேஜருக்கு போன் போட்டு, “வித்தரலாம்ல? வெச்சிருந்து என்ன பண்றது?” என்பார். அந்தப் பக்கம் “செரிங்க” என்று வரும். சாயங்காலம் மனசு மாறி, “அடுத்த சீசன் பாத்துட்டு விப்போம், அதானே நல்லது?” என்பார். அதற்கும் “செரிங்க”தான். பாவம், இதில் ஏதோ கோளாறு என்று அவருக்கே பட்டிருக்கிறது. ஒருநாள் போனை வைத்துவிட்டு அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “என்ன கேட்டாலும் செரிங்கறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “வித்துப்போடுங்க” என்றேன். தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, இன்னும் ஒருவரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த ஒருவரையும் கேட்டு, அடுத்த சீசனும் போய், கடைசியில் இரண்டு வண்டியும் போயின. அதுவும் போதாமல் காட்டைக் கொடுத்துத்தான் பேங்கிலிருந்து மீள வேண்டியிருந்தது.

பத்திர ஆபீஸில் எல்லாம் தயாராக இருந்தது. காட்டை வாங்குகிறவர், அவர் மகன், சாட்சிக்காரர்கள் என்று எல்லோரும் நின்றார்கள். இவர் பேனாவைக் கையில் வாங்கினார். கையெழுத்துப் போடக் குனியவில்லை, என் பக்கம் திரும்பினார்.

“போடட்டுமா?”

கல்யாணமான நாளாக அவர் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லாத வெறும் கேள்வி. வேண்டாம் என்று சொல்லி என்ன செய்வது? எங்கே போவது?

“போடுங்க” என்றேன்.

போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சங்ககிரி ரோட்டில் பஸ் திரும்பிய பிறகுதான் பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீயாச்சும் வேண்டாம்னு சொல்லுவீன்னு இருந்தேன்.”