வேலாயுதம் அண்ணனும் வெந்நீர் ஊற்றுக்கு ஒரு வரைபடமும்

வேலாயுதம் அண்ணன் காலமான செய்தி சனிக்கிழமை காலை ரெம்பியா நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் படியிலிருந்து எனக்கு வந்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "டீச்சர், நம்ம டைம்கீப்பர் தவறிட்டாரு. பஸ் ஸ்டாண்டிலேயே நெஞ்சு வலி" என்றார்.

"எந்த டைம்கீப்பர்?" என்று கேட்டேன். அலோர் காஜா பஸ் நிலையத்தில் இருப்பதே ஒரு டைம்கீப்பர்தான். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பஸ் போன பிறகும், குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாமல் வெயிலில் நின்றேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று மிச்சமிருந்தது. கேட்க விடாமல் போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஸ்கள் வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் குறித்து வைப்பதும், டிக்கெட் கொடுப்பதும் அவர் வேலை. நான் ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அலோர் காஜாவுக்கு எதற்குப் போனாலும் அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் தப்பிக்க முடியாது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி, ரோட்டில் சோதனைச்சாவடி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. வெளியூர்க்காரர் யாரும் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கடைகள் ஈயாடின. ஒரு நாள் அண்ணன் சொன்னார்: "எல்லாரும் இந்த ஊர விட்டுப் போறதுக்குத்தான் டிக்கெட் வாங்குறாங்க டீச்சர். வர்றதுக்கும் யாராவது வாங்கணும்-லா."

யார் வருவார்கள் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் காலை நனைத்துவிட்டு வருவார்கள். மலாக்கா டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்களை அங்கே கூட்டிவர வேண்டும் என்பது அவர் திட்டம். துப்பாக்கிச் சத்தம் கேட்கிற காலத்தில் சுற்றுலாவாம்! மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். இன்றைக்கும் அது துணிச்சலா அசட்டுத்தனமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் கோப்பிக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போனார். "வேலா, நீ கீலாவா?" என்று தவுக்கே கேட்டாராம். பைத்தியமா என்று அர்த்தம். அண்ணன் அசரவில்லை. அரிசியையும் சோற்றையும் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டில் போகக்கூடாது என்று அப்போது கட்டுப்பாடு. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்ற பயம். அந்தக் கட்டுப்பாட்டையே அவர் பிடித்துக்கொண்டார். "சாப்பாடு கட்டிக்கிட்டு வர முடியாதுல்ல? அப்ப வர்றவன் இங்கதானே சாப்பிடணும்!" கோப்பிக்குத் தவுக்கே, சோற்றுக்கு எங்கள் தோட்டத்துப் பெண்கள் போட்ட கொட்டகை, இளநீருக்கும் பழத்துக்கும் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்து ஆட்கள் என்று ஏற்பாடாயிற்று. ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கம்பத்துத் தலைவரான பெங்குலுவையும் தவுக்கேயையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். எங்கள் வட்டாரத்தில் வேறு யாராலும் அது முடிந்திருக்காது.

மலாக்காவில் கொடுக்கப்போகும் நோட்டீஸில் ஒரு வரைபடம் வேண்டுமென்று என்னிடம் வந்தார். பூகோளம் நடத்துகிற டீச்சர் என்பதுதான் என் தகுதி. நான் எதையும் அரைகுறையாகச் செய்யாதவள், அதுவே வினையாயிற்று. பஸ் நிறுத்தம், கோப்பிக் கடை, கொட்டகை, ஊற்று எல்லாவற்றையும் போட்டேன். வருகிறவர்கள் பதறாமல் அடையாளக் கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று, சோதனைச்சாவடி எங்கே, வேலிக்கதவு எங்கே, அது எப்போது சாத்தப்படும், காவலர்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் குறித்தேன். குறிக்கச் சொன்னது அவரா, நானாகக் குறித்தேனா? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது.

"ரொம்ப ஜோரா இருக்கு டீச்சர். கண்ண மூடிக்கிட்டே வந்துடலாம்" என்றார்.

முதல் ஞாயிறு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். குளித்தார்கள், சாப்பிட்டார்கள், சந்தோஷமாகத் திரும்பினார்கள். திரும்பும் வழியில் ஒருவர் சட்டைப்பையிலிருந்த நோட்டீஸ் சாவடியில் போலீசார் கையில் சிக்கியது. காவல் போட்டிருக்கும் இடங்களையெல்லாம் காட்டுகிற படம்! மறுநாளே அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்தைப் போட்டது யார் என்று கேட்டதற்கு, "நான்தான்" என்றிருக்கிறார். பென்சிலைக் கொடுத்துத் திரும்ப வரையச் சொன்னார்கள். கோணல்மாணலாக எதையோ வரைந்தார். வேண்டுமென்றே கையை மாற்றி ஏமாற்றுகிறான் என்று அதிகாரிக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. இதையெல்லாம் அவர் மனைவி கமலம் அக்கா பிறகு சொன்னார். அண்ணன் ஓராண்டுக்கு மேல் தடுப்பு முகாமில் இருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், என்னையும் அடைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

விடுதலையாகி வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். நான் தயங்கித் தயங்கி, "அண்ணே, அந்தப் படம்..." என்று தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்: "அதான் சொல்ல வந்தேன் டீச்சர். ஊத்துக்கிட்ட பெரிய மரம் ஒண்ணு இருக்கு, போன தடவ விட்டுப்போச்சு. அடுத்த நோட்டீசுல போட்டுடுங்க. நிழல் இருக்கான்னு ஜனங்க கேக்கிறாங்க-லா."

கேலி செய்தாரா, மன்னித்தாரா, நிஜமாகவே மரத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டாரா? எனக்குப் புரியவில்லை. மரத்தைப் போட்டுக் கொடுத்தேன். சாவடிகளைப் போடவில்லை. பிறகு எங்கள் பக்கம் ஊரடங்கை எடுத்தார்கள். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் வரத் தொடங்கியது. தவுக்கே புது மேசை வாங்கிப் போட்டார். நானோ ஒவ்வொரு முறையும் அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மறுநாள் ஞாயிறு அவரை எடுத்தார்கள். கமலம் அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "கோடு ஒண்ணு நேராப் போடத் தெரியாத மனுசன், எதுக்குய்யா படம் போடப் போனீங்க? அந்த முகாமுக்குப் போயி வந்துதானே உங்க நெஞ்சு கெட்டுச்சு!" என்று அலறினார். கட்டிய மனைவியிடம்கூட என் பெயரை அவர் சொல்லவில்லை.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். எதிரே பஸ் நிலையம். பாடை அதைக் கடக்கும்போது மலாக்கா பஸ் வந்து நின்றது. தோளில் துண்டோடு இறங்கியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, வழி தெரியலன்னா டைம்கீப்பர கேக்கலாம்னு நோட்டீசுல போட்டிருக்கே, அவரு எங்க?" என்று கேட்டார். நான் பாடையைப் பார்த்தேன். பிறகு வழியைச் சொல்லி அனுப்பினேன். பாடையில் போகிறவர்தான் அந்த டைம்கீப்பர் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

கமலம் அக்கா, உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தைப் போட்டவள் நான். நேரில் சொல்ல நேற்று உங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். அதனால் ஊரறியப் பத்திரிகையில் எழுதுகிறேன். திட்ட வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், இங்கேதான் இருப்பேன். போலீஸ் வந்தாலும் இங்கேதான் இருப்பேன்.

வேலாயுதம் அண்ணே, நீங்கள் அத்தனை நாள் காப்பாற்றி வைத்ததை நான் ஒரே வரியில் உடைத்துவிட்டேன். சரியா தவறா, தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாமல் போய் வாருங்கள்.