பெண்கள் நேரம், இரண்டு முதல் மூன்று வரை

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், "முழங்கால் தேய்மானம்தான். தண்ணிக்குள்ள நடங்க, முடிஞ்சா நீச்சல் கத்துக்கங்க" என்றார். பனியன் கம்பெனியின் செக்கிங் மேசை முன்னால் இருபது வருஷம் நின்றே வேலை பார்த்த கால்கள் அவை. வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. கணவர் எத்தியோப்பியாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜர். மகள் கல்யாணமாகிப் புனேவில் இருக்கிறாள். வேலம்பாளையத்து வீட்டில் நான் மட்டும்தான்.

போனில் சொன்னபோது கணவர் சிரித்தார். "இந்த வயசுல உனக்கு என்னட்டி நீச்சல்?" தென்காசிப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்து எத்தனையோ வருஷமாகியும் வீட்டுப் பேச்சு மாறவே இல்லை.

"டாக்டர் சொல்லுதாரு."

"அப்ப சரி. பாத்துப் போ" என்றார். பிறகு கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்டார்.

கல்லூரிகள் வரிசையாக இருக்கும் சாலையில் ஒரு பொதுப் பூங்கா உண்டு. ஷட்டில் கோர்ட், திறந்தவெளியில் உடற்பயிற்சிக் கருவிகள், பின்பக்கம் நீச்சல் குளம். அதை ஓர் ஒப்பந்தக்காரர் நடத்தினார். காலையும் மாலையும் கல்லூரிப் பையன்கள் நிறைந்திருப்பார்கள். மதியம் இரண்டு முதல் மூன்று வரை பெண்களுக்கு. பருத்தி உடையோடு இறங்கக் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். தெருவுக்குத் தெரு பருத்தி பனியன் தைக்கிற ஊரில் முழுக்கை நைலான் உடை தேடி ஒரு நாள் முழுக்கக் காதர்பேட்டையில் அலைந்தேன். ஏற்றுமதியில் கழித்த கருநீல உடை இரண்டு செட் கிடைத்தது. வேலைப் பழக்கத்தில் கை தானாகத் தையலைத் தடவிப் பார்த்தது. ஒன்றில் தோள் தையல் விட்டிருந்தது.

முதல் மாதம் பத்துப் பன்னிரண்டு மாணவிகள் வந்தார்கள். ஒரு பயிற்சியாளர் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடிக்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு பரீட்சை வந்தது, மாணவிகள் வருவது நின்றது. அவர்கள் வராததால் பயிற்சியாளரும் நின்றுபோனார். கடைசியில் அந்தப் பெரிய குளத்தில் நான் ஒருத்தி, கரையில் விசிலோடு காவல் பெண் ஒருத்தி.

அவளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். குளத்தருகே வரவே மாட்டாள். "வந்துட்டீங்களாங்க அக்கா?" என்று கேட்டுப் பதிவேட்டை நீட்டுவாள். முந்தின நாள் என் கையெழுத்துக்குக் கீழே இன்றைய என் கையெழுத்து. கிளம்பும்போது "பாத்துப் போங்க அக்கா" என்பாள். சில நாட்களில் அந்த இரண்டு வாக்கியங்களைத் தவிர வேறு மனிதக் குரலை நேரில் கேட்காமலேயே நான் படுக்கப் போயிருக்கிறேன். காலையில் எழுந்ததும் இரண்டு மணி எப்போது ஆகும் என்றுதான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஒரு வியாழக்கிழமை, மல்லாந்து மிதந்து பழகியபோது தெரியாமல் ஆழப் பகுதியைப் பிரிக்கும் கயிற்றைத் தாண்டிவிட்டேன். காலை ஊன்றினேன். தரை இல்லை. வாயிலும் மூக்கிலும் தண்ணீர் ஏறியது. மேலே வந்தபோது விசில் சத்தம் கேட்டது. திரும்ப மூழ்கினேன். மறுபடி விசில். யாருமில்லாத பூங்காவில் அவள் யாரைக் கூப்பிட்டு ஊதினாளோ! பிறகு தோளில் ஏதோ இடித்தது. இலை அள்ளுகிற வலைக்கம்பு. பிடித்துக்கொண்டேன். அவள் கரையில் குப்புறப் படுத்துக் கம்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

படியில் உட்கார்ந்து இருமி முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. "நீங்க ஏன் குதிக்கல?"

அவள் வலைக்கம்பைக் கீழே வைத்தாள். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க அக்கா."

அவள் பூங்கா கூட்டுகிறவள். பெண்கள் நேரத்துக்குப் பெண் காவல் வேண்டும் என்றதும் ஒப்பந்தக்காரர் ஆள் தேடாமல் அவளிடமே விசிலைக் கொடுத்துவிட்டார். "நீங்க உள்ள எறங்குனதுல இருந்து மேல ஏறுற வரைக்கும் எங்கொலசாமியக் கும்பிட்டுட்டே உக்காந்திருப்பனுங்க. யாருகிட்டயும் சொல்லீறாதீங்க அக்கா. வேலை போயிருமுங்க."

அன்று கணவரிடம் சொல்லத்தான் போனை எடுத்தேன். அங்கே ஏதோ மெஷின் பழுதாம். அவர் என்னோடும் அங்கிருந்தவர்களோடும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன்.

மறுநாள் இரண்டாவது செட் உடையைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன். "மாத்திட்டு வாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லித் தாரேன்."

"ஐயோ, யாராச்சும் பாத்துட்டா?"

"யாரு வாரா இங்க?"

இடுப்பளவு தண்ணீரில் நின்று என் இரண்டு கைகளையும் அவள் பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துவிட்டன. ஆனால் ஒரே வாரத்தில் பயம் தெளிந்துவிட்டது. பத்தாம் நாள் என்னைவிட நன்றாக மிதந்தாள். காது தண்ணீருக்குள் இருக்க, கண்ணை மூடி, கூந்தல் விரிய அவள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். இரண்டு மாதம் அப்படிப் போனது. எனக்கு ஒரு தோழி கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஒருநாள் வேண்டுமென்றே வடை வாங்கிக்கொண்டு போய், படியில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். மகளைப் பற்றி, எத்தியோப்பியா பற்றி, கம்பெனி பற்றி. அவள் வடையைத் தின்றுகொண்டு தண்ணீரையே பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வாங்களேன், சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றேன். அவளுக்காக நானும் வீட்டை ஊடு என்று சொன்னேன்.

"வரலாமுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்க அக்கா. எங்கூட்ல எட்டுப் பேருங்க. மாமியா, நாத்தனா, கொழந்தைங்க. காத்தால இருந்து ராத்திரி வரைக்கும் சத்தந்தான். இந்தத் தண்ணிக்குள்ள காது முழுகுனா ஒரு சத்தமுங் கேக்கறதில்லீங்க. எனக்கு அது போதுமுங்க."

எனக்குப் புரிந்தது. நான் மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் எதில் மூழ்கிக் கிடந்தேனோ, அதைத் தேடித்தான் அவள் இந்த ஒரு மணிக்கு இறங்கினாள். அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை. அவள் மிதக்கும்போது எதிர்ப்பக்கம் போய் நடந்தேன். அவளும் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். ஒருநாள் கிளம்பும்போது என் ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்து மடித்துக் கொடுத்தாள்.

ஆடி பிறந்ததும் ஒப்பந்தக்காரர் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து. பெண்கள் நேரம் நிறுத்தப்பட்டது. அந்த நேரம் ஒரு கல்லூரி அணியின் பயிற்சிக்குப் போனது. நான் போன அன்று வாசலில் வேறொருவர் இருந்தார். "அந்தம்மாவ வேற பார்க்குக்கு மாத்தியாச்சுங்க" என்றார். எந்தப் பார்க் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுடைய போன் நம்பரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்று வாரம் வீட்டிலேயே இருந்தேன். பிறகு ஒரு காலையில் பொது நேரத்துக்குப் போனேன். குளம் முழுக்கப் பையன்கள். ஒருவன் என் நரைத்த தலையைப் பார்த்து, "ஆன்ட்டி, இந்தப் பக்கம் வாங்க" என்று வழிவிட்டான். கயிற்றுக்கு இந்தப் பக்கமாகவே குளத்தின் அகலத்தை நிற்காமல் ஒரு தடவை கடந்தேன். அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன். காவலர் நீச்சல் தெரிந்தவர்தான், போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டு, வந்த வழியே திரும்ப நீந்த ஆரம்பித்தேன்.